சுக்கானைக் கழற்றாமல் புஷ் மாற்ற முடியுமா? வேலூர்ப் பக்கம் கடைந்து தருவார்களா?

பாய்மரம்27 (சத்துவாச்சாரி)

வணக்கம். வேலூர்க்காரனுக்கு எதற்குப் பாய்மரப் படகு என்று கேட்ட பிறகுதான் எல்லோரும் விஷயத்துக்கே வருகிறார்கள். அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படகு புதுச்சேரியில் இருக்கிறது, மச்சானும் அங்கேதான். இருவரும் பாதிப் பாதி போட்டு, ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெளிநாட்டுத் தம்பதியிடம் வாங்கினோம். 27 அடி, ஃபைபர், வயதில் என்னைவிடக் கொஞ்சம்தான் இளையது.

இப்போது தேங்காய்த்திட்டுப் பக்கம் ஒரு களத்தில் கரையேற்றி வைத்திருக்கிறோம். அடியில் பெயின்ட் அடிக்கத்தான் ஏற்றினோம். சுக்கானின் அலகை (தண்ணீருக்குள் இருக்கும் பலகைப் பகுதி) இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினால் கீழ்ப்பக்கம் 'டொக் டொக்' என்று இடிக்கிறது. அலகின் நுனி அரை அங்குலம் போய் வருகிறது. சரி, புஷ் (சுக்கான் தண்டைச் சுற்றிப் பிடித்து, அது சுழல இடம் கொடுக்கும் வளையம்) தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் போன மழைக்காலத்திலிருந்து டில்லர் (சுக்கானைத் திருப்பும் கைப்பிடி) இறுக்கமாகவும் இருக்கிறது. லேசான காற்றில் இரண்டு விரலால் ஓட்ட வேண்டியதை, தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கிறது. ஆட்டமும் இறுக்கமும் ஒரே தண்டில் எப்படி?

அமைப்பு இதுதான்: சுக்கான் படகின் அடியில் தனியாகத் தொங்குகிறது, முன்னால் தாங்குவதற்கு ஸ்கெக் எதுவும் இல்லை. தண்டு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), 40 மி.மீ. அது ஒரு ஃபைபர் குழாய் வழியாக மேலே, ஓட்டுபவர் உட்காரும் காக்பிட் வரைக்கும் வருகிறது. குழாயின் மேல் முனையில் ஒரு புஷ், கீழ் முனையில் ஒரு புஷ். இரண்டும் வெள்ளை பிளாஸ்டிக். டேப் வைத்து அளந்தேன்: அலகின் மேல்விளிம்பிலிருந்து தண்டின் உச்சி வரை 110 செ.மீ. அலகின் அடியிலிருந்து தரைக்கு 55 செ.மீ.

களத்தில் ஒருவர் கிரீஸ் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார். இன்னொருவர் படகைக் கிரேனில் தூக்கித்தான் ஆக வேண்டும் என்கிறார், அவர் சொல்லும் வாடகையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. இங்கே வேலூரில் ஒரு கடையில் கேட்டால் நைலான் ராடு ரெடியாக இருக்கிறது, பழைய புஷ்ஷைக் கொண்டு வா, மாலைக்குள் கடைந்து தருகிறேன் என்கிறார். சுக்கானை இறக்காமலே வேலையை முடிக்க வழி இருக்கிறதா? இல்லையென்றால் எப்படி இறக்குவது? புஷ் எந்தப் பொருளில் போடுவது?

காட்பாடி_ஜங்ஷன்

உதவியாக ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. பாலாற்றில் தண்ணீர் வரும்போது படகை இங்கே கொண்டு வாருங்கள், நானும் ஏறுகிறேன். 2021 நவம்பரில் வந்திருந்தால் பாய் இல்லாமலே ஆற்காடு வரைக்கும் போயிருக்கலாம்.

களத்துமேடு_ஃபைபர் (புதுச்சேரி)

தம்பி, கிரேன் வேண்டாம். குழி வெட்டு.

கணக்கு எளிது. தண்டு 110, தரைக்கு 55. மிச்சம் 55. கை விட்டு வேலை செய்ய இன்னும் அரை அடி சேர்த்துக்கொண்டால் 70 செ.மீ. குழி. சுக்கானுக்கு நேர் கீழே மட்டும் வெட்டு. கீலுக்கு (படகின் அடியில் இருக்கும் முதுகெலும்பு) வைத்திருக்கும் கட்டை, பக்கத்து முட்டு எதையும் நெருங்காதே, மணல் சரிந்தால் படகே சாயும். குழியின் நாலு பக்கமும் பலகை கொடு. அந்தப் பக்கம் காயலை ஒட்டிய தரை, இரண்டு அடிக்குக் கீழே போனாலே தண்ணீர் ஊறும். நீர் வற்றும் நேரம் பார்த்துக் காலையில் வெட்டி அன்றைக்கே இறக்கிவிடு. ராத்திரி விட்டால் குழி பாதி தூர்ந்திருக்கும்.

இறக்குவதற்கு ஜாக்கி எல்லாம் வேண்டாம், நாங்கள் மணல் மூட்டைதான் வைப்போம். குழிக்குள்ளிருந்து அலகின் அடிவிளிம்பு வரைக்கும் மூட்டையை அடுக்கு. சுக்கானின் எடை முழுக்க மூட்டை மேல் உட்கார்ந்ததும் மேலே நட்டைக் கழற்று. அப்புறம் ஒவ்வொரு மூட்டையாகக் கீழ் ஓரத்தில் கத்தியால் கீறிவிடு. மணல் தானாக வழியும், சுக்கான் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். நிறுத்த வேண்டுமென்றால் கீறலைக் கையால் பொத்து. இரண்டு பக்கமும் ஆள் நின்று அலகைச் சாயாமல் பிடித்தால் போதும். தண்டில் ஒரு கயிறு கட்டி மேலே காக்பிட்டில் ஒருவர் சுற்றிப் பிடித்திருக்கட்டும். 27 அடிப் படகின் சுக்கான், உள்ளே தண்ணீர் குடித்திருந்தால் 40 கிலோ கூட வரும். கால் மேல் விழுந்தால் விரல் இருக்காது.

இன்னொன்று. ஏப்ரல் 15-க்கு முன்னால் முடித்துவிடு. ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் மராமத்துக்குக் கரையேறும். அப்போது களத்தில் இடமும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது.

ராணிப்பேட்டை_லேத்

சார், எனக்கு ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் சின்னப் பட்டறை. இன்றைக்குச் சோறு போடுவது தோல் பதனிடும் டிரம்களின் புஷ்ஷும் ஷாஃப்ட்டும். அதற்கு முன்னால் காசிமேட்டில் ஒரு பட்டறையில் இருந்தேன். விசைப்படகின் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், ஸ்டெர்ன் டியூப் புஷ், சுக்கான் புஷ், இதுதான் வேலை. அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

இறக்காமல் முடியாது. மேல் புஷ்ஷை வேண்டுமானால் டில்லரைக் கழற்றிவிட்டு மேலேயே உருவலாம். கீழ் புஷ்ஷுக்கு வழியில்லை. கிரீஸ் அடித்தால் இரண்டு நாள் சத்தம் குறையும், அவ்வளவுதான்.

ஆட்டமும் இறுக்கமும் சேர்ந்து வருவது அதிசயம் இல்லை. இரண்டு புஷ்ஷும் ஒரே பொருள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இரண்டும் வெள்ளையாக இருக்கிறது, அவ்வளவுதான் நமக்குத் தெரியும். முன்பு படகை வைத்திருந்தவர் மேல் புஷ்ஷை மட்டும் எங்கேயோ நைலானில் போட்டிருப்பார் என்பது என் சந்தேகம். நைலான் 6 தண்ணீரில் ஊறிக்கொண்டே இருந்தால் தன் எடையில் 9 சதவீதம் வரைக்கும் குடிக்கும். குடித்தால் உப்பும். வெளியே குழாய் இறுக்கிப் பிடித்திருப்பதால் உள்பக்கமாகத்தான் உப்ப முடியும், துளை சின்னதாகித் தண்டைக் கவ்வும். மழைக்காலத்திலிருந்து இறுக்கம் என்றீர்களே, அதோடு ஒத்துப்போகிறது. கீழே இருப்பது வேறு பொருள், அது தேய்ந்திருக்கிறது. அல்லது தேய்ந்தது புஷ் இல்லை, தண்டு.

இன்னொரு காரணமும் இருக்கலாம், தண்டு வளைந்திருக்கலாம். கழற்றுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். டில்லரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் தள்ளுங்கள். முழுச் சுற்றிலும் ஒரே இறுக்கம் என்றால் புஷ் உப்பியிருக்கிறது. ஒரு இடத்தில் மட்டும் இறுகி, தாண்டினால் லேசாகிறது என்றால் வளைவு. வளைவு என்றால் புஷ்ஷைப் பற்றிப் பேசுவதே வீண்.

இப்போது நான் சொல்ல வந்தது. பழைய புஷ்ஷைக் கொண்டு வா என்று சொன்ன கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, எங்களிடமும் எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள். மஞ்சள் பையிலிருந்து ஒரு புஷ்ஷை எடுத்து மேசை மேல் வைத்து, "இதே மாதிரி ஒண்ணு". தேய்ந்த புஷ்ஷை அளந்தால் தேய்ந்த புஷ்ஷைத்தான் கடைய முடியும். தண்டையே கொண்டு வாருங்கள். அலகோடு சேர்த்து, ஒரு குட்டி யானையில் படுக்கப் போட்டு. புதுச்சேரியிலிருந்து வாடகை ஆகும்தான், கிரேன் வாடகையைப் பார்க்கும்போது அது ஒன்றும் இல்லை.

தண்டு வந்தால் லேத்தில் மாட்டிக் கடைந்துவிடுவேன் என்று நினைக்காதீர்கள். அலகு பக்கவாட்டில் ஒன்றரை அடி நீட்டிக்கொண்டிருக்கும், சுற்றினால் லேத்தின் அடித்தளத்தில் இடிக்கும். தண்டைச் சுற்றவே முடியாது. அதனால்தான் சொல்கிறேன், தண்டை அளந்து அதற்கேற்ற மாதிரி புஷ்ஷைத்தான் செய்ய வேண்டும். புஷ் உட்காரும் இடத்தில் மூன்று மட்டத்தில், ஒவ்வொரு மட்டத்திலும் குறுக்கும் நெடுக்கும் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்ப்பேன். வெர்னியரில் பார்த்துவிட்டுப் போனில் அளவு சொல்பவர்கள் உண்டு. தேய்மானம் வாய்க்கால் மாதிரி குழிந்திருந்தால் வெர்னியரின் தாடை மேட்டில் உட்கார்ந்துகொண்டு சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லும்.

பொருள்: அசிட்டல். கடையில் டெல்ரின் என்று கேட்டால்தான் புரியும். தண்ணீரில் மூழ்கியே கிடந்தாலும் அது குடிப்பது ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். ஆனால் வெள்ளை ராடு எல்லாவற்றுக்கும் டெல்ரின் என்று பெயர் வைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, எடை போட்டுவிடுங்கள். 60 மி.மீ. ராடில் 100 மி.மீ. நீளத் துண்டு நைலான் என்றால் சுமார் 320 கிராம், அசிட்டல் என்றால் 400 கிராம் நிற்கும். மளிகைக் கடைத் தராசு போதும். கொளுத்திப் பார்க்கிறேன் என்று சிலர் கிளம்புவார்கள், வேண்டாம். அசிட்டல் எரிந்தால் வரும் புகை ஃபார்மால்டிஹைடு, கண்ணையும் மூக்கையும் பிடுங்கிவிடும்.

கடையும்போது இந்தப் பொருள் சூடாகிப் பெருக்கும். சூட்டோடு அளந்து சரி என்று எடுத்து வைத்தால், டீ குடித்துவிட்டு வந்து பார்க்கும்போது துளை சின்னதாகியிருக்கும். நான் கடைசி வெட்டுக்கு முன்னால் லேத்தின் சக்கிலேயே (ராடைப் பிடித்திருக்கும் தாடை) விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவேன். நம் ஊர் மே மாத வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இது இன்னும் மோசம். 40 மி.மீ. தண்டுக்கு நான் கால் மில்லி கிளியரன்ஸ் (தண்டுக்கும் துளைக்கும் நடுவில் இடைவெளி) விடுவேன். கையால் ஆட்டினால் கொஞ்சம் தெரியும், அதைப் பார்த்து இறுக்கமாக வேண்டும் என்று கேட்காதீர்கள்.

கழற்றும்போது இரண்டு விஷயம். டில்லர் தலையைக் கழற்றியதும் சாவியை (டில்லர் தண்டில் வழுக்காமல் இருக்கச் செருகியிருக்கும் சின்ன உலோகத் துண்டு) தொலைத்துவிடாதீர்கள், எந்தப் பக்கம் முன்பக்கம் என்று தண்டின் உச்சியில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இறங்க மறுத்தால் தண்டின் தலையில் சுத்தியலால் நேராக அடிக்காதீர்கள். உச்சி குடை விரிந்துவிடும், அப்புறம் அது புஷ் வழியாக இறங்கவே இறங்காது. மரக்கட்டை வைத்து அடியுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மேல் புஷ்தான் கவ்வியிருக்கும். ஹேக்ஸா பிளேடை மட்டும் தனியாகக் கழற்றி, புஷ்ஷின் விளிம்பில் மேலிருந்து கீழாக அறுத்து விடுங்கள். தண்டில் கீறல் விழாமல். ஒரு வெட்டு விட்டதும் அதுவாகத் தளர்ந்துவிடும்.

ஆற்காடு_செகண்ட்இன்ஜினியர்

லேத்காரர் சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால் பிளாஸ்டிக் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. கப்பலில் இருந்தவன், டிரை டாக் (கப்பலைத் தண்ணீரில்லாமல் நிறுத்திப் பழுது பார்க்கும் இடம்) போகும்போதெல்லாம் சுக்கான் புஷ் கிளியரன்ஸை ஃபீலர் கேஜ் விட்டு அளந்து ரிப்போர்ட் எழுதியவன். பழைய கப்பல்களில் லிக்னம் வைட்டே என்று ஒரு மரம், தண்ணீரே அதற்கு எண்ணெய். பிறகு வெண்கலம். தம்பி, கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) புஷ் போட்டுவிடுங்கள், உங்கள் பிள்ளை காலத்துக்கும் உழைக்கும். ரப்பர் வரி போட்ட ஷாஃப்ட் புஷ்ஷை மட்டும் யாராவது காட்டினால் வாங்காதீர்கள். அது ப்ரொப்பல்லர் மாதிரி வேகமாகச் சுற்றும் தண்டுக்கு. இப்படியும் அப்படியும் அசையும் சுக்கானுக்கு இல்லை.

ராணிப்பேட்டை_லேத்

ஐயா, கன்மெட்டல் நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. உண்மையான கன்மெட்டல் கிடைத்தால். பழைய இரும்புக் கடையில் கன்மெட்டல் என்று எடை போட்டுக் கொடுப்பதில் பாதி பித்தளை. டிரம் புஷ்ஷுக்குப் போட்டால் எப்படியோ ஓடிவிடும். கடல் தண்ணீரில் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போய், மிச்சம் செம்பு நிறத்தில் பொத்தலாக நிற்கும். காசிமேட்டில் ஒரு புஷ்ஷைக் கழற்றும்போது விரலால் அழுத்தி உடைத்திருக்கிறேன். இன்னொன்று, கப்பல் தண்டுக்கு லைனர் (தண்டு தேயாமல் இருக்க மேலே போடும் உறை) போட்டிருப்பார்கள். இங்கே மெல்லிய எஸ்.எஸ். தண்டு. கெட்டியான புஷ் போட்டால் தேய்மானம் தண்டின் பக்கம் போகும். புஷ் இன்னொன்று கடையலாம். தண்டு போனால் சுக்கானே போச்சு.

கிராஃபைட் கலந்த பிளாஸ்டிக் ராடு, கிராஃபைட் கிரீஸ், கிராஃபைட் பேக்கிங், இவற்றைத் தொடாதீர்கள். உப்புத் தண்ணீரில் கிராஃபைட் பக்கத்திலிருக்கும் எஸ்.எஸ்.-ஐத் தின்றுவிடும்.

ஆற்காடு_செகண்ட்இன்ஜினியர்

இரும்புக் கடை பற்றிச் சொன்னது நியாயம். சான்றிதழோடு வாங்கினால் மட்டும் போடுங்கள் என்று என் பேச்சைத் திருத்திக்கொள்கிறேன்.

பாய்மரம்27 (சத்துவாச்சாரி)

எல்லோருக்கும் நன்றி. சுக்கான் இறங்கிவிட்டது. மணல் மூட்டை யோசனைக்குத் தனியாகக் கும்பிடு. களத்திலிருந்த எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். முதல் மூட்டையைக் கீறியதும் ஒன்றும் நடக்கவில்லை, தண்டு அசையவே இல்லை. லேத் அண்ணா சொன்ன மாதிரி மேல் புஷ்தான் கவ்விப் பிடித்திருந்தது. பிளேடால் அறுத்ததும் 'சடக்' என்று ஒரு சத்தம், அப்புறம் மெதுவாக இறங்கியது. குழியில் கணுக்கால் அளவு தண்ணீர்.

டில்லரைக் கோடி முதல் கோடி வரை ஓட்டிப் பார்த்தோம், எல்லா இடத்திலும் ஒரே இறுக்கம்தான். மேல் புஷ்ஷின் துண்டுகளை எடை போட்டு, தண்ணீரில் முக்கிக் கன அளவும் பார்த்து மச்சான் கணக்குப் போட்டான். நைலான் பக்கம்தான் வருகிறது. கீழ் புஷ் அதைவிடக் கனமான பொருள். அதுவும் பெரிதாகத் தேயவில்லை.

தேய்ந்தது தண்டு. மைக்ரோமீட்டர் ஒன்று இரவல் வாங்கிப் பார்த்தோம். மேலே 40.00. கீழ் புஷ் இருந்த இடத்தில் 39.50, ஒரு இடத்தில் 39.45. அங்கே முழுக்க ஊசியால் குத்திய மாதிரி புள்ளிப் புள்ளியாகக் குழி, ஓரத்தில் பழுப்புக் கறை. எஸ்.எஸ். துருப்பிடிக்காது என்றுதானே சொல்வார்கள்?

இன்னொரு பயம். அலகைச் சாய்த்து வைத்ததும் அடிமூலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பழுப்பு நிறம், கெட்ட வாடை.

களத்துமேடு_ஃபைபர் (புதுச்சேரி)

தம்பி, புஷ்ஷைவிட அந்தப் பழுப்புத் தண்ணீர்தான் கவலை. அலகு என்பது இரண்டு ஃபைபர் ஓடு, நடுவில் ஃபோம். தண்டிலிருந்து பட்டை பட்டையாக எஸ்.எஸ். தகடு வெல்டிங் செய்து ஃபோமுக்குள் நீட்டியிருப்பார்கள், அதுதான் அலகைத் தண்டோடு பிடிக்கிறது. தண்டு அலகுக்குள் நுழையும் வாயில் ஃபைபருக்கும் உலோகத்துக்கும் நடுவில் மயிரிழை விரிசல் விழும். அதன் வழியாகத் தண்ணீர் போய் நின்றுவிடும். தெளிந்த தண்ணீர் வந்தால் காயவைத்து வாயை அடைத்தால் போதும். பழுப்பு என்றால் உள்ளே வெல்டிங் அரிக்கிறது.

உடனே பிளக்காதே. முதலில் டில்லரைத் தண்டில் திரும்ப மாட்டு, இரண்டு பேர் அதைக் கெட்டியாகப் பிடிக்கட்டும். நீ அலகின் பின்விளிம்பைப் பிடித்துப் பலமாகத் திருப்பு. தண்டு அசையாமல் அலகு மட்டும் நூல் அளவு திரும்பினாலும் உள்ளே தகடு விட்டுப்போச்சு, அப்போது ஒரு பக்க ஓட்டைப் பிளந்துதான் ஆக வேண்டும். அசையவில்லை என்றால் அடியில் ஒரு துளை, மேலே ஒரு துளை போட்டு, தலைகீழாக நிறுத்தி நிழலில் வடியவிடு. வடிய நாள் ஆகும், அவசரப்படாதே. காய்ந்தபின் தண்டு நுழையும் வாயை V மாதிரி குடைந்து நெளிந்துகொடுக்கும் சீலன்ட் போடு. எம்-சீல் வைத்து அடைத்துக் கொடுப்பவர்கள் உண்டு, அது ஒரு சீசன்கூடத் தாங்காது. கெட்டியான பொருள் அந்த இடத்தில் மறுபடி வெடிக்கும்.

ராணிப்பேட்டை_லேத்

சார், எஸ்.எஸ். துருப்பிடிக்காமல் இருப்பது அதன் மேல் இருக்கும் மெல்லிய ஆக்சைடு தோலால். காற்றோ ஓடும் தண்ணீரோ பட்டுக்கொண்டே இருந்தால் அந்தத் தோல் கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். புஷ்ஷுக்குள் தேங்கி நிற்கும் உப்புத் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும், தோல் மூடாது, குழி விழும். குழியின் விளிம்பு அரம் மாதிரி வேலை செய்து தேய்மானத்தையும் கூட்டும். படகை மாதக்கணக்கில் நகர்த்தாமல் கட்டிப் போட்டால் இது இன்னும் வேகமாக நடக்கும். எடுத்து ஓட்டுங்கள் என்று மச்சானிடம் சொல்லுங்கள்.

முதலில் விரிசல் இருக்கிறதா பார்க்க வேண்டும். குழியின் அடியிலிருந்து விரிசல் ஓடியிருந்தால் தண்டை மாற்றியே ஆக வேண்டும், அதில் பேரம் கிடையாது. இங்கே ராணிப்பேட்டையில் பெல் (BHEL) நிறுவனத்துக்கு வேலை செய்யும் ஃபேப்ரிகேஷன் கடைகளில் டை பெனட்ரன்ட் டெஸ்ட் தினசரி வேலை. சிவப்புச் சாயம் அடித்து, துடைத்து, வெள்ளைப் பொடி ஸ்ப்ரே செய்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு கசிந்து வரும். குழி புள்ளியாகத் தெரியும், விரிசல் கோடாகத் தெரியும். நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன்.

விரிசல் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். இப்போது உங்கள் அளவில் ஒரு சிக்கல் இருக்கிறது. தண்டு மேலே 40.00, கீழே 39.50. தண்டு கீழிருந்து மேலே ஏறும்போது அதன் 40 மி.மீ. பகுதி கீழ் புஷ் வழியாகத்தான் போயாக வேண்டும். அப்படியென்றால் துளை 40-க்கு மேல் இருந்தாக வேண்டும். தண்டு ஏறி உட்கார்ந்ததும் புஷ்ஷுக்குள் நிற்பது 39.50. புத்தம் புதுப் புஷ்ஷே முக்கால் மில்லி ஆட்டத்தோடு தொடங்கும். இதே மாதிரி ஒன்று என்று கடைந்து வாங்கியிருந்தால் இந்த நிலைதான்.

தேய்ந்த இடத்தில் வெல்டிங் செய்து ஏற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். சூட்டில் பக்கத்திலேயே இருக்கும் ஃபைபர் வெந்துவிடும், தண்டும் வளையும், ஏற்றியதைக் கடைய லேத்தில் மாட்டவும் முடியாது.

அதனால் இரண்டு பாதியாகப் பிளந்த புஷ். தண்டைக் குழாய்க்குள் ஏற்றி, கடைசி ஒரு சாண் மட்டும் இறங்கி நிற்கும்படி மூட்டையில் நிறுத்திவிட்டு, இரண்டு பாதியையும் தேய்ந்த இடத்தில் தண்டைச் சுற்றிப் பொருத்தி, அப்படியே மேலே தள்ளினால் புஷ் குழாய்க்குள் போய் உட்காரும். அடியில் காலர் விட்டு, அதில் எஸ்.எஸ். ஸ்க்ரூ மூன்று. இணைப்புக் கோடு படகின் முன் பின்னாக இருக்க வேண்டும். சுக்கானுக்கு அழுத்தம் இடவலமாகத்தான் வரும், அந்த அழுத்தம் பாதியின் நடுவில் விழட்டும், இணைப்பில் விழ வேண்டாம். இதற்குத் துளை 39.75 போதும். 39.45 இருக்கும் இடத்தில் கொஞ்சம் கூடுதல் ஆட்டம் இருக்கும், அதை விட்டுவிடலாம்.

முழு புஷ்ஷாகக் கடைந்துவிட்டு அப்புறம் ரம்பம் வைத்து அறுப்பவர்கள் இருக்கிறார்கள். ரம்பத்தின் பல் ஒன்றரை மில்லி தின்றுவிடும், சேர்த்து வைத்தால் வட்டமாக இருக்காது. ராடை முதலில் அறுத்து, அறுத்த முகங்களை மட்டமாக்கி, கிளாம்ப் போட்டுச் சேர்த்துப் பிடித்த பிறகுதான் கடைய வேண்டும். கூலி கொஞ்சம் அதிகம் ஆகும், சொல்லிவிடுகிறேன்.

குழிகளை எமரி போட்டு விளிம்பு மழுக்கி, எபாக்ஸி நிரப்பித் தேய்த்துத் தருகிறேன். அது பலத்துக்கு இல்லை, புஷ்ஷை அராவாமல் இருக்க.

மேல் புஷ் சாதாரண முழு புஷ், அசிட்டலிலேயே. குழாய்க்குள் அடித்து ஏற்ற வேண்டாம். இறுக்கி அடித்தால் வெளியே இறுகும் அளவுக்குத் துளையும் சுருங்கும், மறுபடி பழைய கதைதான். ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்தால் 60 மி.மீ. விட்டத்துக்கு மூன்றில் ஒரு மில்லி அளவுக்குச் சுருங்கும், கையால் நுழைந்துவிடும்.

பாய்மரம்27 (சத்துவாச்சாரி)

அலகைத் திருப்பிப் பார்த்தோம், அசையவில்லை. நிம்மதி. துளை போட்டு வடிய வைத்திருக்கிறோம், அளவெடுக்க ராணிப்பேட்டை கொண்டு வந்துவிட்டுத் திரும்ப வடிய வைத்தால் தப்பில்லையே?

ஒரே குழப்பம். தண்டு உங்களிடம் வந்துவிடும், குழாய் படகோடு புதுச்சேரியில் இருக்கிறதே. புஷ்ஷின் வெளிவிட்டத்துக்கு அளவு? உள்ளே வெர்னியர் விட்டால் ஒரு பக்கம் 62.1, இன்னொரு பக்கம் 62.4 காட்டுகிறது.

களத்துமேடு_ஃபைபர் (புதுச்சேரி)

படுக்க வைத்து ஏற்று, வடியும் துளையை டேப் போட்டு ஒட்டு, வழியெல்லாம் சொட்டும். குழாய் வட்டமாக இல்லாதது சகஜம், கையால் சுற்றிய ஃபைபர். புஷ்ஷைக் கொஞ்சம் லூஸாகவே கடையச் சொல். வெளிப்பக்கம் மெழுகு பூசி, குழாய்க்குள் கெட்டி எபாக்ஸி தடவி நுழைத்துவிடு. காய்ந்ததும் இடைவெளி நிரம்பி அச்சாக நிற்கும், மெழுகு இருப்பதால் அடுத்த முறை கழன்றும் வரும்.

ராணிப்பேட்டை_லேத்

ஃபைபர் அண்ணன் சொன்னது நல்ல வழி. லூஸ் எவ்வளவு என்பதற்கு உங்கள் வெர்னியரை நம்பவில்லை. வேஸ்ட் ராடில் ஒரு கட்டை கடைந்து தருகிறேன், படிப்படியாக 61.6, 61.8, 62.0, 62.2. எடுத்துப் போய்க் குழாயில் நுழைத்து, எந்தப் படி வரைக்கும் போகிறது என்று இரண்டு முனையிலும் பார்த்துச் சொல்லுங்கள். துளையைத் தண்டு இங்கே இருக்கும்போதே முடித்துவிடுவேன், வெளிவிட்டத்தை நீங்கள் சொன்னபிறகு மாண்ட்ரலில் (துளைக்குள் செருகிப் பிடிக்கும் தண்டு) போட்டுக் கடைகிறேன்.

செவ்வாய்க்கிழமை எங்கள் லைனில் மின் பராமரிப்பு, சாயங்காலம் வரைக்கும் கரன்ட் இருக்காது. புதன் காலை பத்து மணிக்கு மேல் வாங்க. வண்டியில் தண்டின் சாவிப் பக்கம் சாக்கு சுற்றி, அலகுக்குக் கீழே பழைய டயர் போடச் சொல்லுங்கள்.